கல்லைத் திரும்ப வைத்த பூனை

மீன் ஏலக் கொட்டகையில் தொட்டியக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. மீன் வெட்டுகிறவர்கள் கழிக்கும் தலை, குடல் எல்லாவற்றையும் வாளியில் சேர்த்து, நறுக்கி, எரிவாயுத் தொட்டியில் கரைத்து ஊற்றுவது அவள் வேலை. தொட்டியில் ஊறும் வாயு குழாய் வழியே நேரே கொட்டகை டீக்கடை அடுப்புக்குப் போகிறது. படகுத்துறையில் மிதந்து நாறிக்கொண்டிருந்ததெல்லாம் டீயைக் கொதிக்க வைத்ததில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த அடுப்புதான் இப்போது அவள் மானத்தைச் சந்தி சிரிக்க வைத்தது. சுடர் எழும், விக்கும், அணையும். "நாளைக்குச் சாயங்காலம் வந்து பார்ப்பேன். எரியலேன்னா தொட்டியைக் கழட்டிடுவோம்" என்று மீனவர் சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். தொட்டி போனால் அவள் வேலையும் போச்சு.

ஒரு வாரமாகவே இப்படி. காலையில் வாளி நிறையச் சேர்த்து மூடுகிறாள். வீட்டில் சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தால் அரை வாளிதான்; அதில் எங்கே வாயு ஊறும்? பூனையோ என்று மூடிமேல் கல் வைத்தாள். அப்போதும் அரை வாளி. கல் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. எந்தப் பூனை அய்யா தின்றுவிட்டுக் கல்லைத் திரும்ப எடுத்து வைக்கும்? தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதாள். அவர் கடலில் கூடு போட்டு நண்டு பிடிக்கிறவர். தொட்டி வந்ததிலிருந்து வெறுங்கூட்டோடு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த மனிதர், இந்த வாரம்தான் நண்டும் கையுமாகச் சிரித்துக்கொண்டு திரிந்தார். "பூனையாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள், அந்தப் பூனையைப் பார்த்தே தீருவதென்று வீட்டுக்குப் போகிற பாதி வழியில் திரும்பினாள். கல்லைப் பத்திரமாக மூடிமேல் வைத்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர்! காலடியில் அவர் கூடை, நிறைய மீன் தலை.

"அடப்பாவி மனுஷா! கேட்டா குடுக்க மாட்டேனா?"

"நண்டுக்கு இரையாத் தண்ணியில போடக் கேட்டேனே. துறை மறுபடி அசிங்கமாயிடும்னு கத்தினியே. ஒண்ணும் விழாத தண்ணிக்கு நண்டு எதுக்கு வரும்?"

கத்துவதா, மன்னிப்புக் கேட்பதா என்று அவள் தடுமாறினாள். அவரோ கூடையை வாளியிலேயே கவிழ்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் தலைவர் வந்து நின்றார். அவள் தீக்குச்சியை எடுத்தாள். எரியணும் என்று வேண்டிக்கொள்வதா? எரிந்தால் வீட்டுக்காரர் கூடு மறுபடி வெறுங்கூடாகுமே! குச்சியைக் கிழித்தாள். கடற்காற்று வீசியது. இரண்டு பக்கமும் உள்ளங்கைகள் வந்து காற்றை மறைத்தன, நண்டு கடித்த தழும்போடு.

"ம், பத்த வை" என்றார் வீட்டுக்காரர்.