சிம்பாங் அம்பாட் திருவிழாவும் சித்தி வீட்டு உபயமும்

போன மாதம் மலாக்காவில் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவுக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல. "கோமதிக்கு நீதான் புத்தி சொல்லணும், வா" என்று சித்தி போனில் அழுதார். கோமதி சித்தியின் மகள். புக்கிட் ரம்பாயில் தங்கித் தொழிற்சாலை வேலை.

கோலாலம்பூரிலிருந்து மலாக்கா சென்ட்ரல் நிலையத்துக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து வாடகைக் கார், கட்டணம் நாற்பது வெள்ளி. ஓட்டுநர் அண்ணனுக்குச் சங்கதி முன்பே தெரிந்திருந்தது. "கோயில் தலைவர அறைஞ்ச பொண்ணு வீடா? ரொம்ப கோவக்காரி லா அது" என்றார். தலைவர் எதற்கு அறை வாங்கினார் என்று கேட்டேன். ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

நடந்தது இதுதான். கோயில் சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கோமதியின் இடுப்பைக் கோயில் தலைவர் கிள்ளியிருக்கிறார். அவள் எல்லார் முன்னாலும் அறைந்துவிட்டாள். கமிட்டி கூடியது: அவள் தலைவர் காலில் விழ வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாள் அன்னதான உபயம் சித்தி வீட்டுக்குக் கிடையாது. சித்தப்பா இருந்த காலத்திலிருந்து அந்த உபயம் அவர்களுடையது. கிள்ளியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ரதம் புறப்படுமுன் கோமதியைக் கூப்பிட்டார்கள்.

"நா விழ மாட்டேன். அவரு விழட்டும்."

"ஒனக்கு வெக்கமே இல்லையாடி?" என்று கத்தினார் சித்தி. வெட்கப்பட வேண்டிய ஆளோ கழுத்தில் மாலையோடு நின்றார். சித்தியே போய் அவர் காலில் விழுந்தார். மூத்தவர் காலில் விழ வந்தால் நாமெல்லாம் பதறி விலகுவோம். சித்தியைவிடப் பத்து வயதாவது இளையவரான அந்த மனிதர் நகரவே இல்லை. "புள்ளைய அடக்கி வளருங்க" என்று திருநீறு பூசிவிட்டார். மேளம் தொடங்கியது.

வேலைக்குத் திரும்பக் கிளம்பிய கோமதியை அலோர் காஜா பஸ் நிலையம் வரை அழைத்து வந்தேன். "அம்மா விழுந்ததுகூட பரவால்லக்கா. எந்திரிச்சி அவரப் பாத்து சிரிச்சாங்க, பாத்தீங்களா? இனிமே அந்த வீட்டுக்கு நா போக மாட்டேன்."

தலைவர் கை வைத்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இவள் கை நீட்டியதில்தான் ஊர் மானம் போய்விட்டதாம். நம் ஆட்களுக்குக் கோபம் தலைவர்களின் சொத்து, வெட்கம் பெண்களின் கடமை.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பி வரும் காருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தோட்டத்துக்குள் எளிதில் கிடைக்காது. பெண் பிள்ளைகளோடு போனால், யாராவது தொட்டால் கத்தச் சொல்லிக்கொடுங்கள். கத்திய பிறகு அவர்கள் பக்கம் நிற்பீர்களா என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.