குழாய்க்குப் பல் முளைத்த வீடு

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்து, மெயின் போர்டை நாமே மாற்றிக்கொள்ளலாமா சார் என்று கேட்டார். தாராளமாக மாற்றலாம், ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு பகல் பொழுதும் இருந்தால் போதும் என்றேன். உங்கள் வீட்டம்மா மேல் உங்களுக்குப் பிரியம் உண்டா என்றும் கேட்டேன். மனுஷன் அரண்டுபோய், காபிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

என் மனைவி உயிரோடுதான் இருக்கிறாள். அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன். வீடு ராஜபாளையம். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். மக்குப் பையன்களை நான் அடித்ததில்லை. அடி ஆறிவிடும். அதனால் பெயர் வைப்பேன். பின் வரிசையில் ஒருவன் ஓம் விதியைச் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று நின்றான். "ஃபியூஸ் போன பயலே, நீ வயர் இழுக்கத்தான் லாயக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. படிப்பை முடிக்கும்வரை அவனுக்கு அதுதான் பெயர். அவன் அப்பா பார்க்க வந்தபோது பையன்கள் "ஏலே ஃபியூஸு, உங்க அய்யா வந்திருக்காக" என்று கத்தினார்கள். அதைக் கேட்டு நானும் சிரித்தேன்.

என் வாக்குப் பலித்தது. அவன் வயரிங் படித்து, லைசென்ஸ் வாங்கி, ராஜபாளையத்திலேயே தொழில் செய்கிறான். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீடு அவன் கை பட்டதுதான்.

எங்கள் வீட்டு போர்டு பழைய காலத்து மரப்பலகை, பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஆடி மாதம் அதில் ஒரு கட்டை கருகி நாற்றம் அடித்தது. என் மனைவி என்னிடம் சொல்லாமல் அவனைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தான், பலகையைப் பார்த்தான், குளியலறைக்குப் போய் ஹீட்டரைப் பார்த்தான், கொல்லையைச் சுற்றி வந்தான்.

"போர்டு மட்டும் மாத்துனாப் பத்தாது சார். எர்த் குழி மேல நீங்க சிமெண்டப் போட்டுட்டீங்க. புதுசா ஒண்ணு தோண்டணும். ஹீட்டருக்கும் வயசாயிருச்சு. லைன் அம்புட்டையும் ஒரு தடவ சோதிச்சிருவோம். ரெண்டு நாள் வேலை."

"எர்த்துன்னா என்ன, ஒரே வரியில சொல்லு பாப்போம். பரீட்சையிலதான் எழுதல. இப்பமாவது சொல்லு."

கையில் டெஸ்டரோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எத்தனையோ வருடத்துக்கு முன் நின்ற அதே நிலை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

"வாரேன் சார்" என்று போய்விட்டான். "வேலை தெரிஞ்ச பிள்ளைய ஏன் இப்படிப் பேசுதீக?" என்றாள் மனைவி. அந்த ஒரு வார்த்தைக்காகவே போர்டை நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை எங்கள் பக்கம் கரண்ட்டை நிறுத்துவார்கள். ஊர் முழுக்க விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அந்த நாளைத்தான் பிடித்தேன். புதுப் பெட்டி, சுவிட்சுகள், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கிற ட்ரிப்பர் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். அவள் டார்ச் பிடித்தாள். கை வலிக்கிறது என்றபோது, விளக்குக் கம்பம் பேசாது என்றேன். கடைசியில் ஒரு பச்சை வயர் மிஞ்சியது. அதுதான் கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த். அது போகிற குழிதான் சிமெண்டுக்கு அடியில் செத்துக் கிடக்கிறதே, பிறகு எதற்கு இது என்று முனையில் டேப்பைச் சுற்றிப் பெட்டிக்குப் பின்னால் சொருகினேன். கெட்டிக்காரத் தையல்காரன் தைத்தால் துணி மிஞ்சும் என்று அவளிடம் சொல்லவும் செய்தேன். வருடா வருடம் ஐந்து மதிப்பெண்ணுக்கு எர்த்தின் அவசியத்தை நடத்தியவனும் நானேதான்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. எல்லா விளக்கும் எரிந்தது. அவளைக் கூப்பிட்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைக்கச் சொன்னேன். "பாத்தியாட்டி?" என்றேன். "பாத்தேன்" என்றாள்.

மறுநாளே ட்ரிப்பர் விழ ஆரம்பித்தது. மூட்டுவலிக்காக அவள் வெந்நீரில் குளிப்பவள். ஹீட்டரைப் போட்டால் சற்று நேரத்தில் பொத்தென்று விழும், வீடு முழுக்க இருட்டும். "எதையாவது தொட்டுத் தொலைக்கியா?" என்று கத்துவேன். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள், சரக்கு மட்டம் என்று ட்ரிப்பரைத் தவிர்த்துவிட்டு வயரை நேராக இணைத்துவிட்டேன். அதன் பிறகு விழவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

"என்னங்க, கொழாய் கடிக்கு" என்று அவள் முதல்முறை சொன்னது அந்த வாரத்தில்தான்.

போய்ப் பார்த்தேன். குளியலறைக் குழாயைப் பிடித்தேன், திருகினேன், தண்ணீரில் கையை நீட்டினேன். ஒன்றும் இல்லை. எனக்குக் குதிகால் வலி. வெறுங்காலோடு தரையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்குள்ளும் தடித்த ரப்பர் செருப்புதான். அதோடுதான் நின்று தொட்டேன். குளிப்பது கொல்லைத் தொட்டியில், பச்சைத் தண்ணீரில். வீட்டுக்குள் செருப்புப் போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ரப்பர் செருப்போடு நிற்பவனுக்கு ஷாக் தெரியாது என்பது எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அந்த நான்கு மாதத்தில் எனக்கு அது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கலாம். வைக்கவில்லை. வைத்தால் அவள் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்ததாக ஆகிவிடும்.

"இன்னிக்கும் கடிக்கு" என்பாள். "எம்புட்டு ஆழமா?" என்பேன். நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போய், இவளுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம் என்று அவள் வாயைத் திறக்கும் முன்பே சொன்னேன். அவர் சத்து மாத்திரை எழுதினார். அதையும் ஒழுங்காக விழுங்கினாள். ஒரு நாள் பார்த்தால் குழாய்த் திருகில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தாள். அவள் ஓம் விதி படித்தவள் இல்லை, கை சொன்னதைக் கேட்டுச் செய்திருக்கிறாள். பார்க்கக் கண்றாவியாக இருக்கிறது என்று பிளேடால் அறுத்து எறிந்தேன். இதை எழுதும்போது என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். தரிசனம் முடிந்து, மலையடிவாரத்தில் உறவுக்காரர்களோடு உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தபோது, "எங்க வீட்டுக் கொழாய்க்குப் பல்லு மொளச்சிருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அவள் கையை உதறுவதை நடித்துக் காட்டினேன். அவள் தங்கைகூடப் புரை ஏறும்வரை சிரித்தாள். இவள் எல்லோருக்கும் புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து குழாயைப் பற்றிப் பேசவே இல்லை. பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் நாலைந்து நாள் விடாத மழை. ஒரு காலை குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டது. தூக்கி எறியப்பட்டவள் மாதிரி சுவரோரம் கிடந்தாள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "வழுக்கி விழுந்துட்டா" என்று நான்தான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த மறுநாள், இடது கையாலேயே போன் செய்து அந்த வயரிங்காரனைக் கூப்பிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. வந்தவன் ஹீட்டரைப் போட்டுவிட்டு, கொண்டுவந்த சோதனை பல்பின் ஒரு வயரைக் குளியலறைக் குழாயிலும் மற்றதைக் கொல்லை ஈரத்தில் அடித்த கம்பியிலும் வைத்தான். பட்டப் பகலில் அந்த பல்பு எரிந்ததை நான் பார்த்தேன்.

"ஹீட்டர் லீக் சார். கொழாய் பூராக் கரண்ட் வருது."

பிறகு போர்டைத் திறந்தான். ட்ரிப்பரைத் தாண்டி ஓடிய வயரைப் பார்த்தான். பெட்டிக்குப் பின்னால் விரலை விட்டு, டேப் சுற்றிய பச்சை வயரை வெளியே இழுத்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"இத யாரு சார் பண்ணுனது?" என்றான் மெதுவாக.

"வெளியில ஒரு ஆளு" என்றேன்.

"இவுகதான் பண்ணுனாக" என்றாள் அவள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அவன் கேட்காதவன் மாதிரி வயரை நீவிக்கொண்டிருந்தான். அந்த மரியாதையைப் போல ஒரு அடியை நான் எந்தப் பையனுக்கும் கொடுத்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் விஷச் சுரைக்காய்.

மெயினை அணைக்கக் கையை நீட்டியவனை அவள் தடுத்தாள்.

"செத்த நேரம் இருங்க தம்பி." பிறகு என்னிடம் சொன்னாள். "செருப்பக் கழத்திட்டு வாங்க. ஒரே ஒரு தடவ தொடுங்க."

"வேண்டாம்மா" என்றான் அவன்.

"நாலு மாசமா தெனமும் நான் தொட்டேன் தம்பி."

செருப்பைக் கழற்றினேன். குளியலறைத் தரை ஈரம் பாதத்தில் சில்லென்று ஏறியது. குழாய்க்கு ஒரு சாண் இருக்கும்போது கை நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அதற்கு மேல் போகவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் நீர் வந்தது, பயத்தில்தான், வேறொன்றும் இல்லை.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"போதும், அணைச்சிருங்க தம்பி" என்றாள். மெயின் அணைந்தது. விசிறி நின்றது. அணைந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், குளியலறை வாசலில் கிடந்த செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டுதான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தேன்.