கடைசித் தீவில் நின்ற வண்டி

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவர் கணவர்தான். கல்யாணமான மூன்றாவது வாரமே வைத்தார். இருபத்தாறு வருஷத்தில் அது எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், தபால்காரர்கூட வாசலில் நின்று அந்தப் பெயரைத்தான் சொல்வார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு ஒருதரம் எழுந்திருப்பார், அவ்வளவுதான். அவளோ ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டே இருந்த ஒரு சர்வேயரின் மகள். பத்தாவது முடிப்பதற்குள் ஒன்பது பள்ளிக்கூடம் பார்த்தவள். எந்த வீட்டிலும் நாலு மாதம் ஆகிவிட்டால் கை தானாக அட்டைப்பெட்டி தேடும்.

கல்யாணத்துக்குப் பிறகு வீடு மாற வழியில்லை. அதனால் வீட்டுக்குள் இருப்பதை மாற்றினாள். கட்டில் ஜன்னலோரம் போகும், பீரோ கதவோரம் வரும். ஊருக்கே கண்ணாடி போட்டுவிடுகிற மனிதர், காலையில் எழுந்து நாலடி வைப்பதற்குள் எதிலாவது முட்டிக்கொள்வார்.

"நகர்த்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா வேண்டாம்பீங்க."

மகள் பெரிய வகுப்புக்குப் போனதும், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வேலைக்குச் சேர்ந்தாள். தீவுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டு வண்டிகளை வாடகைக்கு விடுகிற இடம். கட்டில், அடுப்பு, ஒரு கை அகலத் தொட்டி, பின்னால் கக்கூஸ் எல்லாம் வைத்த பதினாறு வேன்கள். திரும்பி வரும் வண்டியின் கக்கூஸ் பெட்டியைக் கழுவுவது, மெத்தையை உதறுவது, கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, தண்ணீர் நிரப்புவது, கழுவிய வண்டியை ஓட்டிப்போய் யார்டில் வரிசையாக நிறுத்துவது இவளுடைய வேலை. கதவுத் தடத்தில் சிக்கிய மணலைப் பார்த்தே வண்டி எந்தக் கரைக்குப் போய் வந்தது என்று சொல்லிவிடுவாள். சாம்பல் நிறம் என்றால் வடகரை. சிப்பித்தூள் என்றால் கடைசித் தீவு. பதினோரு வருஷம் ஊரார் மணலைக் கூட்டினாளே தவிர, அதில் ஒன்றிலும் கால் வைத்ததில்லை.

ஒருநாள், கடைசித் தீவில் வண்டியோடு தங்கியிருந்தவர் வீட்டிலிருந்து அவசரச் செய்தி வந்து அப்படியே கிளம்பிப் போய்விட்டார். வண்டி அங்கேயே நின்றது. இரண்டு டிரைவர்களும் வேறு பக்கம் போயிருந்தார்கள். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, பம்பரம் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் போய் எடுத்துட்டு வரேன் சார்."

"தனியாவா?"

"வர்றப்ப வண்டி இருக்குமே."

லைசென்ஸ் இருந்தது. மேனேஜருக்கும் வேறு வழி இருக்கவில்லை. இரண்டு நாளில் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு ஃபெர்ரி மாறிப் போய்ச் சேர்ந்தாள். சாவி கைக்கு வந்ததும் நேராகப் படகுத்துறைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் தீவைச் சுற்றி ஒரே சாலை. யார்டுக்குள் மூன்றாவது கியரையே பார்க்காத கை சும்மா இருக்குமா? மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் துறைக்கு வந்தபோது சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். கடல் கொந்தளிப்பு. ஃபெர்ரி எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்திலிருந்த முகாம் திடலுக்குள் வண்டியை விட்டாள். முதலில் தென்னை மரத்தடி. பேனட்டுக்கு ஒரு முழம் தள்ளித் தேங்காய் விழுந்ததும் குழாயடிக்கு மாறினாள். அங்கே சேறு. சுவரோரம் போனாள். அங்கே காற்றே இல்லை. பக்கத்தில் டென்ட் போட்டிருந்த ஒரு டீச்சர், கணவரோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் விடுமுறைக்கு வந்தவள், நாலாவது தடவை எஞ்சின் சத்தம் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"எங்க போகணும்னு இப்படி ஓடுறீங்க அக்கா?"

"தெரிஞ்சா போய்ச் சேர்ந்திருப்பேனே."

மறுநாள் பிற்பகல் மழை சாய்த்து அடித்தது. டீச்சர் வீட்டு டென்ட்டின் கம்பி ஒடிந்து, துணி கிழிந்து வேலியில் போய்ச் சிக்கியது. பம்பரம் கதவைத் திறந்து நால்வரையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். வெளியாட்களை ஏற்றக்கூடாது என்று டாஷ்போர்டிலேயே ஒட்டியிருந்தது. அந்த ஸ்டிக்கரை ஒட்டியவளே அவள்தான்.

கட்டிலைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சின்னவளுக்குக் காய்ச்சல். அம்மாவிடமும் அடங்காமல், சீட்டுகளுக்கு நடுவே புகுந்து வந்து இவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். கால் மரத்தது. சாவியைத் திருகிக் கொஞ்சம் மேட்டுப்பக்கம் போய்விடலாமா என்று விரல் துடித்தது. திருகவில்லை. குழந்தை மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பகல், இரண்டு இரவு அந்த வண்டி அங்குலம் நகரவில்லை. தன் வாழ்நாளிலேயே நீளமான பயணம் அதுதான் என்று பின்னால் சொல்வாள்.

இடையில் ஒருதரம் போன் பிடித்தது.

"வீடு எப்படி இருக்குங்க?"

"வச்சது வச்ச இடத்துல இருக்கு. மூணு நாளா எதுலயும் இடிச்சுக்கல." என்றார் கணவர். "நல்லாவே இல்ல."

அவளுக்கு உடனே வீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. அதே நேரம், மழை விட்டு வெளுத்த வானத்தைப் பார்த்ததும் உடம்பு வேறெங்காவது கிளம்பத் துடித்தது. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கும் என்று அவளுக்கே புரியவில்லை.

ஐந்தாம் நாள் கொடி இறங்கியது. யார்டில் மேனேஜர் வண்டியைச் சுற்றி வந்தார். உள்ளே ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது.

"ஏத்தினேன் சார். சம்பளத்துல பிடிக்கணும்னா பிடிச்சுக்கோங்க," என்றாள். "ஆனா இனிமே வெளியே நிக்கிற வண்டிகளை எடுத்துட்டு வர்ற வேலையை எனக்குக் குடுங்க. கக்கூஸ் கழுவ வேற ஆளைப் பாருங்க."

மேனேஜர் சம்பளத்தில் பிடிக்கவில்லை. வேலையை உடனே கொடுக்கவும் இல்லை. ஒரு மாதம் அவள் தினமும் கேட்டாள். நச்சரிப்புத் தாங்காமல்தான் கொடுத்தார்.

இப்போது மாதத்தில் பாதி நாள் சாலையில் இருக்கிறாள். போன மழைக்கு முன்னால் கணவரையும் ஒருமுறை கூட்டிப்போனாள். வீட்டை விட்டால் தூக்கம் வராத மனிதர், அலைச் சத்தத்தில் கட்டை மாதிரி தூங்கினார். இவள் ஏழு தடவை எழுந்து டயரைப் பார்த்துவிட்டு வந்தாள். விடிந்ததும் அவர் மடக்கு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இடம் நல்லா இருக்கே. இன்னும் ஒரு நாள் இருப்போமா?"

அதற்குள் அவள் தண்ணீர்க் குழாயைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். குழாயைக் கீழே போட்டாள்.

"சரி, இருப்போம்," என்று சொல்லிவிட்டு, அந்தக் கரையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மத்தியானம்வரை நடந்தாள்.