டேப் போடுகிற உத்தியோகம்

என் வேலையைப் பற்றி அம்மா ஊரில் சொல்லி வைத்திருந்தது இவ்வளவுதான்: "பையன் சேலத்துல டேப்பு போடுறானுங்க."

அதில் பொய் ஏதுமில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு நூல் மில்லின் அலுவலகத்தில், கம்ப்யூட்டரில் ஏறும் கணக்கையெல்லாம் சாயங்காலம் காந்த நாடாவில் பிரதி எடுத்து அலமாரியில் வைப்பது என் பொறுப்பு. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் நாடாவிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். ஆனால் எண்பதுகளில் எங்கள் பக்கம் டேப் போடுகிறவர் என்றால் ஒருவர்தான்: கல்யாண வீட்டில் குழாய் கட்டிப் பாட்டுப் போடும் மைக்செட்காரர்.

திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அதற்குப் பிறகு வேறு எதிலும் புத்தி செல்லவில்லை. பதில் சொல்லுமுன் மாப்பிள்ளையின் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பெண்ணின் அப்பா ஒருநாள் வந்து நின்றார். ரிக் லாரி வைத்துப் போர்வெல் போடுகிறவர்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னேன். கோயிலுக்குள் நுழைவதுபோலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். உள்ளே ஏசிக் குளிர் பட்டதும் அதையே அவிழ்த்துக் காதைச் சுற்றிக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, சரக்கு வாசம் அடிக்குதுங்களே?"

"ஸ்பிரிட்டுங்க. மெசினோட தலையைத் துடைக்கிறதுக்கு."

"தலை வேற இருக்குதுங்களா இதுக்கு?"

நம்பியதாகத் தெரியவில்லை. பக்கத்து மேசையில் என் சீனியர் பிரிண்டர் தாளுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

"புள்ள ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு சாமி. முகூர்த்த நாள்ல ஊட்ல இருப்பீங்களா, வெளியூர் ஆர்டருக்குப் போயிருவீங்களான்னு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மைக்செட் இல்லீங்க. இது பாடாதுங்க."

"பாடாதா? அப்பறம் எதுக்குங்க இத்தனை டேப்பு?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். யாராவது சந்தேகம் கேட்டால் பாதியில் நிறுத்துகிற வித்தை எனக்கு வராது. பழைய மெஷினிலிருந்து ஆரம்பித்தேன். எழுபதுகளில் செய்தது, பீரோ உயரம். சோற்றுத் தட்டு அளவு ரீலை மாட்டி, நாடாவின் நுனியைக் கையால் இழுத்து, அதைப் படிக்கும் மெஷின் தலையை ஒட்டிக் கோத்து, எதிர்ச் சக்கரத்தில் சுற்ற வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் நாடா இரண்டு குழிகளில் தொங்கித் தொங்கி ஆடும். அதைக் காற்றால் இழுத்துப் பிடிக்க அடியில் மோட்டார்.

"கம்ப்ரஸருங்களா! நம்ம ரிக்குலயும் அதேதானுங்க." அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"கம்ப்ரஸர் ஊதுமுங்க. இது உறிஞ்சும்."

மலர்ந்த முகம் பாதியில் நின்றது. நான் விடவில்லை. புது மெஷினைக் காட்டினேன். நாடா ஒரு சின்னப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். வாயில் செருகினால் போதும், விரலே பட வேண்டாம்.

"அப்ப புதுசுதான் ஒசத்தி?"

"இடம் கம்மிங்க. ஆனா பழசுல நாடா மடங்குனா கண்ணுக்குத் தெரியும், சத்தமே மாறும். இதுல பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது. பழைய ரீலை இது படிக்கவும் படிக்காதுங்க. அதனால ரெண்டையும் வச்சுப் பாடுபடுறோம்."

"ஆளு?"

"முன்னாடி மூணு பேருங்க. இப்ப நானும் இந்தப் பக்கத்து மேசை அண்ணனும்தான்."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் மேசை டிராயரைத் திறந்து ஒரு வெளிநாட்டு விளம்பரத் தாளை எடுத்து விரித்தேன். அறை அளவுக்கு ஓர் அலமாரி, உள்ளே வரிசை வரிசையாகப் பெட்டிகள், நடுவில் ஓர் இரும்புக் கை. வேண்டிய பெட்டியைத் தானே எடுக்கும், தானே செருகும்.

"இதுக்கு ஆளே வேண்டாமுங்க!" என்றேன் பெருமையாக.

சீனியர் இருமினார்.

"அப்ப உங்க சோலி?" என்றார் பெண்ணின் அப்பா.

பெண் கேட்டுப் போனவன், தன் வேலை எப்படிப் போகும் என்பதைப் படம் காட்டி விளக்கியிருந்தேன். ஏசிக் குளிரிலும் வியர்த்தது.

"இந்தக் கையி நம்மூருக்கு எப்ப வருமுங்க?"

வரவே வராது என்று சொல்லியிருக்கலாம். "விலையைப் பாத்தா பத்து வருசமாவது ஆகுமுங்க. அப்பவும் அது மக்கர் பண்ணினா பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமுங்க."

"மக்கர் பண்ணாத மெசினு எங்கீங்க இருக்குது?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "பத்து வருசமா? அதுக்குள்ள கொழந்தைங்க பள்ளிக்கூடம் போயிருமுங்களே."

"யாரு கொழந்தைங்க?" என்று நான் உண்மையாகவே கேட்டேன்.

அவர் சீனியர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இவரு எப்பவும் இப்படித்தானுங்களா?"

"எப்பவும் இப்படித்தானுங்க," என்றார் சீனியர்.

பெண்ணின் அப்பா காதைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாரேனுங்க மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.