நான் அடித்துவிட்ட மைனஸ் மூன்று

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

திருவனந்தபுரத்தில், வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கும் எங்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு. அன்று குரூப் தியரி. சார் பலகையில் நேர், எதிர், பூஜ்யம் எல்லாம் சேர்ந்த முழு எண்களின் கணத்தை எழுதி, பக்கத்திலேயே கூட்டல் குறியும் போட்டார். அதன் கீழே 3⁻¹ என்று எழுதி, “மூணோட இன்வெர்ஸ் என்ன?” என்றார்.

எல்லோரும் “ஒன் பை த்ரீ” என்றோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி மட்டும் “மைனஸ் மூணு, சார்” என்றாள். போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்.

“இன்வெர்ஸ்னா தலைகீழாக்கறது. எஸ்டேட் ஸ்கூல்ல இதொண்ணும் சொல்லித் தரலையோ?” என்றார் சார்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

செல்வி எழுந்து நின்றாள். “இங்க செய்யறது கூட்டல், சார். மூணோட மைனஸ் மூணைக் கூட்டினா பூஜ்யம். கூட்டலுக்கு ஐடென்டிட்டி, அதாவது எதோட கூட்டினாலும் அதை மாத்தாத எண், பூஜ்யம்தானே? இன்வெர்ஸைச் சேர்த்தா அதுதானே வரணும்? ஒன் பை த்ரீ இந்தக் கணத்திலேயே கிடையாதே.”

சார் பலகையைப் பார்த்தார். “அது நொட்டேஷன் மாத்ரம் அல்லே” என்று, ஏதோ வெறும் குறியீட்டு விஷயம்தான் என்பதுபோல் மலையாளத்தில் சொல்லி, 3⁻¹-ஐ அழித்துவிட்டு அடுத்த தேற்றத்துக்குப் போனார். தான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும், “என்ன மனுஷன் இவர்?” என்று அவளிடம் பொரிந்து தள்ளினேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள். “நீங்களும் நோட்டில மைனஸ் மூணுன்னுதானே முதல்ல எழுதினீங்க, அக்கா?”

ஆமாம், எழுதியிருந்தேன். எல்லோரும் வேறு சொன்னதும் அவசரமாக அடித்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

சாருக்காவது அந்த நிமிஷம் விடை தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் சிரித்தேன்.