நாலு முடிக்குக் காவல்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு காவல் வேலை கிடைத்தது. காவல் காக்க வேண்டியது அம்மாவின் தலைமுடியை.

அம்மாவின் முடி அப்படியொன்றும் களவு போகக்கூடியதல்ல. அவ்வளவு மெலிசு. பின்னினால் சுண்டுவிரல் பருமன்கூடத் தேறாது. அப்பா வழிச் சொந்தத்தில் அதற்கு எலிவால் என்று பெயர். பெயர் வைத்தவர் தெலுக் இந்தானில் இருந்த பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கிளம்பினாலும் அம்மா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து சவுரியை எடுத்துத் தன் முடியோடு சேர்த்துப் பின்னிக்கொள்வார். அப்போது சடை இடுப்பைத் தாண்டும். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி, சிக்கெடுத்து, சுருட்டி, டின்னுக்குள் வைத்து மூடிவிடுவார். அதை நான் தொட்டால் முதுகில் ஒன்று விழும்.

அந்த வருஷம் எங்கள் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஈப்போ டவுனில் முடி அலங்காரம் படிக்கச் சேர்ந்தார். டவுனை ஒட்டிய புந்தோங்கில், எங்கள் வீட்டில்தான் அவரும் இருந்தார். அப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. முடி வெட்டுவதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று பல நாள் முணுமுணுத்துவிட்டு, கடைசித் தேர்வில் தவறினால் பேசாமல் தொழிற்சாலைக்கே திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார். அத்தை சரி என்றார். சரி என்றவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் கடைசித் தேர்வு விநோதமானது. மெலிசான முடி உள்ள ஒருவருக்குச் சாயம் ஏற்ற வேண்டும். அவர் ஆறு வாரம் வீட்டிலேயே அதைப் பராமரிக்க வேண்டும். பிறகு நிறம் மங்காமல், முடி உடையாமல் அவரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும். கடையில் எல்லாருக்கும்தான் முடி அழகாக இருக்கும், வீட்டுக்குப் போன பிறகு இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்பது அங்கிருந்த சீன ஆசிரியையின் கட்சி. அத்தை தன் தோழிகளையெல்லாம் கேட்டுப் பார்த்தார். எல்லாருக்கும் கயிறு மாதிரி முடி. ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாவின் பின்னந்தலையை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, உங்க தலைய எனக்குக் குடுங்க."

"இந்தத் தலையவா? வேற தல கெடைக்கலயா ஒனக்கு?"

"இதான் வேணும் அண்ணி. இவ்ளோ மெலிசா யாருக்குமே இல்ல லா."

அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே சிரித்துவிட்டார்.

சாயம் ஏறியது. நிழலில் கறுப்பு, வெயிலில் தே-ஓ நிறம். பால் ஊற்றாத தேநீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. அத்தை பகலெல்லாம் வகுப்பில் இருப்பார் என்பதால், பராமரிப்பை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஊரில் ஒரு போலீஸ்காரருக்கு இருந்த மிடுக்கு எனக்கு இருந்தது.

அம்மா குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே நின்று, "சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா?" என்று குரல் கொடுப்பேன். சுடுதண்ணீர் பட்டால் சாயம் இறங்கிவிடும். தினமும் தலை குளிக்கக் கூடாது, வாரத்தில் இரண்டு முறை போதும். அம்மாவோ பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர். புகையும் வியர்வையுமாக வருகிறவருக்கு இந்தச் சட்டம் எவ்வளவு கொடுமை என்று நான் யோசிக்கவே இல்லை. தலை நனைக்காமல் உடம்பு மட்டும் குளித்தாரா என்று வெளியே வந்ததும் தொட்டுப் பார்ப்பேன். கண்டிஷனரை நுனியில் மட்டும்தான் தடவ வேண்டும். மண்டையில் பட்டால் மெலிசு முடி சப்பென்று படுத்துவிடும். துவாலையால் பரபரவென்று துவட்டவும் கூடாது. அப்பாவின் பழைய பனியனால் ஒற்றி எடுக்க வேண்டும். அம்மா ஒருநாள் அவசரத்தில் துவட்டியதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"இவ அத்த பரீட்ச எழுத என் தல! அதுக்குக் காவலுக்கு இவ!" என்று அம்மா சலித்துக்கொள்வார். ஆனால் தலையணைக்குப் பழைய பட்டு ரவிக்கைத் துணியில் உறை தைத்தது அவர்தான். பருத்தி உரசினால் முடி உடையும் என்று அத்தை சொன்னதைக் கேட்டுத் தைத்தது. சில மாலைகளில் அவர் சன்னலோரம் உட்கார்ந்து, கையில் ஒரு சின்னக் கண்ணாடியோடு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயம் மங்கிவிட்டதா என்று அத்தைக்காகச் சோதிக்கிறார் என நினைத்து, நானும் பக்கத்தில் நின்று பொறுப்போடு சோதிப்பேன்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது தீபாவளி வந்தது. தேர்வு தீபாவளி முடிந்த வாரம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் விடியலில் எல்லார் தலையிலும் எண்ணெய் வைப்பது பெரியம்மாதான். அதற்காகவே முதல்நாள் வந்துவிடுவார். எண்ணெய் என்றால் கடமைக்கு ஒரு சொட்டு இல்லை. நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஏந்தி உச்சியில் அப்பி, காது வழியாக ஒழுக விடுவார். பிறகு அவரே கரைத்து வைத்த சீயக்காய். அந்தச் சீயக்காய் எண்ணெயோடு சாயத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று அத்தை முன்பே சொல்லியிருந்தார். சொல்லியிருந்த அத்தையோ அன்று பெரியம்மாவைக் கண்டதும் அடுப்படியில் ஒளிந்துகொண்டார். அம்மா தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்று சமாளித்தார்.

விடிந்தது. அப்பா தலையில் எண்ணெய் ஒழுக எழுந்தார். அடுத்து நான். மூன்றாவதாக அம்மா மணையில் உட்கார்ந்தார். பெரியம்மா கிண்ணத்தில் கையை நனைத்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"பெரியம்மா, அம்மாக்கு வைக்காதீங்க! கலரு போயிரும்!"

பெரியம்மா அம்மாவின் தலைத்துணியை உருவினார். மின்விளக்கின் கீழ் தே-ஓ நிறம் பளிச்சென்று தெரிந்தது. அடுப்படி வாசலில் அத்தையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கறதே நாலு முடி. அதுக்குக் கலரு ஒரு கேடா?" என்றார் பெரியம்மா.

அப்படி ஏதாவது சொன்னால் அம்மா வழக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். அன்று குனியவில்லை.

"நாலு முடிதான் அக்கா. அதான் பாத்துப் பாத்து வச்சிருக்கேன். எண்ணெய நெத்தியில வைங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இன்னொரு இட்டிலி வேண்டாம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பெரியம்மாவின் கை எண்ணெயோடு அந்தரத்தில் நின்றது. எண்ணெய் மணையில் சொட்டியது. பிறகு அவர் அம்மாவின் நெற்றியிலும் இரண்டு கன்னங்களிலும் கொஞ்சம் தொட்டு வைத்துவிட்டு, "அடுத்தது யாரு, வாங்க, நேரமாவுது" என்றார். தலை தப்பியது.

அடுத்த வாரம் அத்தையோடு அம்மாவும் நானும் டவுனுக்குப் போனோம். காவலுக்குப் பரிசாக என்னையும் கூட்டிப்போனார்கள். அம்மா ஒரு சுழல் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார். ஆசிரியை முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, நுனியைத் தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆசிரியை மலாயில் சொன்னார். இந்த மாதிரி மெலிசு முடியில் சாயத்தைக் காப்பாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், இது ரொம்ப அழகாக இருக்கிறது, அத்தை தேறிவிட்டார்.

அத்தை துள்ளிக் குதித்தார். அம்மா மட்டும், "என்னமா சொன்னாங்க?" என்று கேட்டார். அத்தை தமிழில் சொன்னார். அம்மா கண்ணாடியைப் பார்த்தபடி, "தேறுனது இருக்கட்டும். முடியப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று திரும்பவும் கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாசாரில் மீன்காரரிடம் மலாயில் மல்லுக்கட்டி அரைக்கிலோ நெத்திலி கூடுதலாக வாங்கிவிடுகிறவருக்கு, இது எப்படிப் புரியாமல் போனது என்று நினைத்தேன்.

அன்று மாலை அப்பா அத்தையிடம் வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. வேலை கிடைத்தால் கடையை எத்தனை மணிக்குத் திறப்பார்கள், காலையில் மோட்டாரில் கொண்டுபோய் விட முடியுமா என்று மட்டும் கேட்டார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு எனக்குச் சாயம் போட்டுவிடுவது அவர்தான். அம்மாவின் முடி அப்படியே எனக்கு வந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு முறை, பச்சைத் தண்ணீர், பழைய பனியன். ஒன்றும் மாறவில்லை.

தேர்வு முடிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்தார். சவுரியை எடுத்து என்னிடம் நீட்டி, "இந்தா, வச்சி வெளையாடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு தெருக்கோடி வரை குதிரையாக ஓடினேன். நன்றாகக் காவல் காத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அது என்று எல்லாரிடமும் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். அடுத்த கல்யாணத்துக்கு உங்களுக்கு வேண்டாமா அம்மா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.