பதினேழாம் நம்பரின் மணி

சிவப்பு விளக்கில் பஸ் நின்றதும் இர்யா லெஹ்தொனனின் வலது கை ஸ்டியரிங்கில் ஒரே இடத்தைத் தட்டத் தொடங்கும். நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல், மறுபடி நடுவிரல். தட்டிய விரல் உடனே உள்ளங்கைப் பக்கம் ஓடி ஒளிந்துகொள்ளும். பச்சை விழுந்தால் கை வண்டிக்குத் திரும்பிவிடும். கனடாவின் சட்பரியில் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் போகிற சுரங்கத்து ஆட்கள் இதை வேடிக்கை பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

வயது ஐம்பத்து மூன்று. நல்ல உயரம். மூக்கு உறைகிற குளிரிலும் விரல்நுனிகளை வெட்டிவிட்ட கையுறைதான் போடுவாள். ஓட்டும்போது பேச்சுக் கிடையாது. கதவருகே யாராவது முண்டியடித்தால் மட்டும், "இறங்கறவங்கள இறங்க விடுய்யா, அப்புறம் ஏறு" என்பாள். இருபது வருஷமாக அதே வாக்கியம், அதே குரல்.

போன வருஷம் பியானோவுக்கென்று தானே ஒன்று எழுதினாள். பாட்டு கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது, ஏழு நிமிஷம். பெயர் 'பதினேழாம் நம்பர்'. நடுவில் நான்கு வரிக்கு வலது கை மட்டும் ஒரே கட்டையைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குகிறவர்கள் அடிக்கும் மணியாம் அது. "ஒரு தடவ அடிச்சா எனக்குக் கேக்காதா? எட்டு தடவ அடிக்கிறானுங்க. சரி போன்னு எழுதி வச்சுட்டேன்."

எங்கள் ஃபின்லாந்துக்காரர் மன்றத்தின் குளிர்கால இசைக்கூட்டத்தில் அதை வாசிக்க இடம் கேட்டாள். மன்றத்தில் இருப்பது சுவரோடு ஒட்டி நிற்கும் பழைய பியானோ. அதற்குச் சுருதி சேர்ப்பவன் நான். அதில் கட்டை நன்றாக மேலே வந்தால்தான் உள்ளே இருக்கும் சுத்தியல் மறுபடி அடிக்கும். அவள் வாசித்துக் காட்டியபோது, அடித்த அடியில் பாதிதான் கேட்டது. மீதியை மரம் விழுங்கிவிட்டது.

கூட்டம் நடத்துகிற ரெய்னோ உதட்டைப் பிதுக்கினார். "அந்த நாலு வரிய எடுத்துரு இர்யா. இல்லன்னா இந்த வருஷம் வேணாம்."

"மணிய எடுத்துட்டா பஸ்ஸு எங்கய்யா நிக்கும்?"

நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "இந்தப் பொட்டியில அது வராதும்மா. முப்பது வருஷமா இதோட மல்லுக்கட்டறேன்."

"நீ திருகாணிய முடுக்கற வேலையப் பாரு, காலெவி." பிறகு ரெய்னோவிடம் திரும்பி, "கூட்டத்தன்னிக்கு ஒரு அடி விழுங்கினாலும் இனிமே இடமே கேக்க மாட்டேன். போதுமா?" என்றாள்.

தினமும் வண்டியை விட்டுவிட்டு நேரே மன்றத்துக்கு வந்தாள். முதல் மூன்று வாரம் ஆணி அடிப்பதுபோல் அடித்தாள். நகம் பிளந்தது, தோள் இறுகியது, மரம் விழுங்கியது. நான்காம் வாரம் அடுத்த அறையில் ஏலக்காய் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். மணி கேட்டது. மெதுவாகத்தான், ஆனால் ஒன்றுகூடத் தப்பவில்லை. ரொட்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

"என்னம்மா செஞ்ச?"

"இத்தனை நாளும் அவன் இறங்கறதுக்குள்ள நான் ஏறிட்டிருந்தேன்யா. இப்ப இந்த வெரலு வெலகி கட்டைய மேல வர விடுது. அப்புறம்தான் அடுத்த வெரலு."

அன்றிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினாள். பஸ்ஸிலும் அதேதான்.

கூட்டத்தன்று இடம் போதாமல் டிரைவர்கள் சீருடையோடு சுவரோரம் நின்றார்கள். பக்கம் திருப்ப அவள் அருகில் ரெய்னோவே உட்கார்ந்திருந்தார். நான்கு வரி வந்தது. முதல் வரி முழுசாக விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. நான் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணப் பார்த்தேன். எண்ண முடியாத வேகத்தில் போயும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறித்தது. மூன்றாவது வரியின் கடைசியில் பக்கம் முடிகிறது. ரெய்னோ எழுந்தார்.

வலது கை மணியை அடித்துக்கொண்டே இருக்க, இர்யா இடது கையை நீட்டி அவரை உட்காரச் சொன்னாள். தாளைத் தானே திருப்பி, மடங்கியிருந்த அதன் மூலையை நிதானமாக நீவிவிட்டாள்.